மீதியை வெள்ளித்திரையில் காண்க

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் சினிமாக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஓடி முடிந்த படங்களைப் பற்றி விரிவாக எழுதும் நீங்கள், வரப்போகும் படங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. எங்கள் வீட்டில் பொங்கலுக்கு எந்தப் படம், ஆயுத பூஜைக்கு எந்தப் படம் என்று மூன்று மாதம் முன்பே பேச்சு தொடங்கிவிடும். சென்ற ஆண்டு என் மகன் ஒரு படத்தின் டிரெய்லரைப் பார்த்துவிட்டு, அதில் வந்த வசனம் ஒன்றை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே திரிந்தான். முதல் நாளே குடும்பத்தோடு தருமபுரிக்குப் போய்ப் பார்த்தோம். படத்தில் அந்த வசனமும் இல்லை, அந்தக் காட்சியும் இல்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அவன் வாயே திறக்கவில்லை. இது ஏமாற்று வேலை இல்லையா? இதைக் கேட்பார் யாரும் இல்லையா? எந்தப் படத்தை நம்பிக் காத்திருக்கலாம் என்று நீங்களாவது முன்கூட்டியே எழுதக் கூடாதா?

— ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

கேட்பார் இல்லையா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்டிருக்கிறார்கள்; உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்டிருக்கிறார்கள். 2016-இல் வெளியான ‘ஃபேன்’ என்ற இந்திப் படத்தின் விளம்பரங்களில் ஓயாமல் ஒலித்த ஒரு பாடல், திரையரங்கில் ஓடிய படத்தில் இல்லை. அந்தப் பாடலை எதிர்பார்த்துக் குடும்பத்தோடு போன மகாராஷ்டிரத்து ஆசிரியை ஒருவர் நுகர்வோர் மன்றத்தில் முறையிட்டார். மாநில ஆணையமும் பின்னர் தேசிய ஆணையமும் அவர் பக்கம் நின்று, 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் வழக்குச் செலவும் தரச் சொல்லின. தயாரிப்பு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, முன்னோட்டம் என்பது ஆளை ஈர்ப்பதற்கான விளம்பரமே, அதில் காட்டியதெல்லாம் படத்தில் இருக்கும் என்று பார்வையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே ஒப்பந்தம் ஏதும் உண்டாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் மகனுக்குச் சட்டத்தில் வழி இல்லை.

அந்தக் காட்சி எங்கே போயிற்று என்பதற்குப் பெரும்பாலும் சாதாரணமான காரணமே இருக்கும். படத்தின் இறுதி வெட்டு முடிவதற்கு முன்பே முன்னோட்டத்தைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பல நேரங்களில் அதை வெட்டித் தொகுப்பவர் படத்தின் தொகுப்பாளராகவும் இருப்பதில்லை. தமக்குக் கொடுக்கப்பட்ட காட்சிகளிலிருந்து, இரண்டரை நிமிடத்துக்குள் எது பளிச்சென்று நிற்குமோ அதை எடுத்துக்கொள்கிறார். அதன் பிறகு படம் நீளம் என்று உட்கார்ந்து பேசி இருபது நிமிடத்தைக் குறைக்கும்போது, தனியாக நின்று பளிச்சிடும் வசனந்தான் கதைக்கு வேண்டாததென்று முதலில் கழிகிறது. இதில் வஞ்சகம் குறைவு, அவசரம் அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் நீக்கிய பிறகும் அதே முன்னோட்டத்தை வெளியீட்டு நாள் வரை ஓட்டிக்கொண்டிருப்பதை அவசரம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

நான் காரிமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் தோட்டத்து வீட்டையும் கொட்டாய் என்போம், படம் காட்டும் இடத்தையும் கொட்டாய் என்போம். வெளியூர்க்காரர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். படம் மாறும் நாளில் இரு புறமும் சுவரொட்டி கட்டிய மாட்டு வண்டி ஒன்று ஒலிபெருக்கியோடு வரும். வண்டியில் இருப்பவர் ஒவ்வொரு தெரு முனையிலும் ரோஸ் நிறத்தில் ஒரு கை நோட்டீசை அள்ளி வீசுவார். நாங்கள் புழுதியில் விழுந்து பொறுக்குவோம். கொட்டாய் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். அதன் முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். பண்ணையார் மகள் ஏழை இளைஞனைக் காதலிக்கிறாள், தந்தை எதிர்க்கிறார், இளைஞன் மீது கொலைப்பழி விழுகிறது, அவன் தப்பினானா, காதலர்கள் சேர்ந்தார்களா என்று இரண்டு கேள்விகளைப் போட்டுவிட்டு, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். சொன்ன பாதி அப்படியே படத்தில் இருக்கும். சொல்லாத பாதிக்குத்தான் காசு. இன்றைய முன்னோட்டம் எல்லாப் பாதியிலிருந்தும் ஒரு துண்டைக் காட்டிவிடுகிறது. கதை என்னவென்று தெரிவதில்லை, ஆனால் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட களைப்பு மட்டும் வந்துவிடுகிறது.

அந்தக் காலத்துக் காத்திருப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. விநியோகக் கணக்கில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் ஏரியாவில் அடங்கும். படச்சுருள் பிரதிகள் எண்ணிக்கையில் குறைவு. அவை பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த பிறகுதான் சிற்றூர்களுக்கு நகரும். சேலத்திலிருந்து பேருந்தில் ஏறி வரும் தகரப் பெட்டிக்காகத் திரையரங்கு ஆள் நிலையத்தில் நிற்பார். ‘பெட்டி வந்தாச்சா’ என்பதுதான் ஊரின் கேள்வி. அந்தப் பெட்டி எங்களுக்கு வருவதற்குள் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போய்வந்த யாரோ ஒருவர் படத்தைப் பார்த்திருப்பார். டீக்கடையில் சண்டைக் காட்சியைக் கையை வீசி நடித்தே காட்டியிருப்பார். வேறொருவர், இடைவேளைக்கு மேல் இழுவை என்று முகத்தைச் சுளித்திருப்பார். ஆக நாங்கள் காத்திருந்தது யாரோ பார்த்துவிட்ட படத்துக்காக. நீங்களும் உங்கள் மகனும் காத்திருந்தது ஒருவருமே பார்க்காத படத்துக்காக. முன்னோட்டக் கட்டுரை எழுதுகிறவரும் அதைப் பார்த்திருக்க மாட்டார். நான் அவ்வகைக் கட்டுரை எழுதாமலிருப்பதற்குக் காரணம் இதுதான். கர்வம் என்று எண்ணிவிடாதீர்கள்.

இப்போது பெட்டியும் இல்லை, தேய்ந்த பிரதியும் இல்லை. படம் டிஜிட்டல் கோப்பாக முன்பே திரையரங்குக்கு வந்துவிடுகிறது; பணம் கட்டிய பிறகு அதைத் திறக்கும் ‘கேடிஎம்’ என்ற மின்னணுச் சாவி மட்டும் வந்து சேரும். ‘கேடிஎம் வந்துடுச்சா’ என்று நள்ளிரவில் கைப்பேசியில் விசாரிப்பதுதான் இன்றைய ‘பெட்டி வந்தாச்சா’. உலகம் முழுவதும் ஒரே நாள். இருந்தும் எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு அந்த ஒரு நாளிலும் சில மணி நேரம் இடறுகிறது. 2023 ஜனவரி 11 அன்று சென்னையில் நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில் ஓர் இளைஞர் லாரியிலிருந்து விழுந்து உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி நின்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 10-இல் ‘ஜெயிலர்’ வந்தபோது இங்கே முதல் காட்சி காலை 9 மணிக்கு, கர்நாடகத்தில் 6 மணிக்கு. என் தெருப் பையன்கள் நால்வர் இரவு இரண்டு மணிக்கு இரண்டு வண்டிகளில் கிளம்பி, கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிக்கு அப்பால் போய்ப் பார்த்துவிட்டு, தருமபுரியில் முதல் காட்சி முடிவதற்குள் திரும்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம் ஒப்புக்கொண்டது: “படத்துல பாதி தூங்கிட்டேங்க சார், ஆனா ஒன்பது மணி ஷோவுக்கு நின்னவங்ககிட்டே கதை சொல்றதுக்குத்தானே போனோம்.” மூன்று மணி நேர முந்துதலுக்காக இரவெல்லாம் வண்டி ஓட்டிய அந்தப் பையனைப் பார்த்துச் சிரிப்பு வந்தாலும், அவனிடம் எங்கள் பழைய டீக்கடைக் கதைசொல்லியைக் கண்டேன். 2025 ஜூனில் ‘தக் லைஃப்’ கர்நாடகத்தில் வெளியாகாதபோது கதை தலைகீழாயிற்று. பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் படம் பார்க்க வந்தார்கள்.

எதிர்பார்ப்பு என்பது உங்களுக்கும் எனக்கும் மனநிலை. திரையரங்கு நடத்துகிறவருக்கு அது முன்பணம். நமது மாவட்டத்தில் ஒரு திரையரங்கை நெடுங்காலமாக நடத்திவரும் நண்பரின் அறையில், ஒரு பெரிய படம் வருவதற்கு முந்தைய வாரம் உட்கார்ந்திருந்தேன். முன்னோட்டத்தை அவர் ஒரு முறைதான் பார்த்தார், அதுவும் ஒலியை நிறுத்திவிட்டு. அதன்பின் இராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி என்ன விலை என்று தொலைபேசியில் விசாரித்தார். தக்காளி ஏறியிருந்தால் இரண்டாம் நாளும் அரங்கு நிறையும், இறங்கியிருந்தால் முதல் நாள் ரசிகர்களோடு சரி என்பது அவரது கணிப்பு. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்ப் பருவமும் அப்படித்தான் என்றார். தீபாவளிக்கு மட்டும் அவர் எந்தச் சந்தையையும் விசாரிப்பதில்லை, ஏனெனில் திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகள் கையில் காசோடு ஊருக்கு வந்திருப்பார்கள். விநியோகஸ்தர் கேட்கும் எம்.ஜி. தொகையை, அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்பாத உத்தரவாதப் பணத்தை, அவர் இப்படித்தான் முடிவு செய்கிறார். முதல் வார வசூலில் விநியோகஸ்தர் பங்கு அதிகம், வாரம் போகப்போகத் திரையரங்கின் பங்கு கூடும்; ஆனால் பெரும்பாலான படங்கள் இப்போது அந்த இரண்டாவது வாரத்தைக் காண்பதில்லை, நான்கு வாரத்தில் ஓடிடியில் வேறு வந்துவிடுகின்றன. ஆகவே முதல் மூன்று நாளுக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். முன்னோட்டங்கள் அத்தனை சத்தமாக இருப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

இந்த மூன்று நாளைக் காப்பாற்றுவதற்காகவே 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம், திரையரங்கு வளாகத்தில் ரசிகர்களிடம் கருத்துக் கேட்கும் யூடியூப் காரர்களை உள்ளே விடாதீர்கள் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதம், வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடுக்கக் கோரித் தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. படத்தைப் பார்க்காதவர்கள் மூன்று மாதம் புகழலாம், பார்த்தவர்கள் மூன்று நாள் வாய்மூடி இருக்க வேண்டும் என்பதுதானே இதன் பொருள்? வன்மத்தோடு வரும் விமர்சனங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் டீக்கடைக் கதைசொல்லிக்குத் தடை உத்தரவு வாங்கப் பார்ப்பதை என்னால் ஏற்க இயலாது.

முன்கூட்டியே நம்பத் தகுந்தது ஒன்றுமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். குடும்பத்தோடு போகிறவர் என்பதால் சொல்கிறேன், தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். முன்னோட்டம் ஒப்பந்தமாகாது, ஆனால் சான்றிதழ் திரையரங்கைக் கட்டுப்படுத்தும். 2025 ஆகஸ்டில் வந்த ‘கூலி’க்கு, வயது வந்தோர் மட்டும் பார்க்கலாம் என்னும் ‘ஏ’ கிடைத்தது. ரஜினிகாந்த் படம் என்ற பழக்கத்தில் பிள்ளைகளோடு போனவர்களுக்கு அது வாசலில்தான் உறைத்தது. இப்போது ‘யுஏ’ என்பதையும் 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தச் சிறு எண்ணைக் கவனிப்பது கடையில் காலாவதி தேதியைக் கவனிப்பது போல உங்களுக்குப் பழகியதாகவே இருக்கும். அடுத்தது, படம் ஓடும் நேரம். மூன்றாவதாக, எழுத்து யாருடையது என்று பாருங்கள். நடிகர் பெயருக்குக் கீழே மிகச் சிறிதாகப் போட்டிருப்பார்கள். இவ்வளவுதான் ஒருவர் பார்க்காமலே நாணயத்தோடு எழுதக்கூடியது, இதைக் கொண்டு ஒரு கட்டுரை தேறாது.

தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2025 பொங்கலுக்கு என்று தமிழ்நாடே காத்திருந்த ‘விடாமுயற்சி’ கடைசி நேரத்தில் தள்ளிப்போய்ப் பிப்ரவரி 6-இல் வந்தது. அந்த வெற்றிடத்தில், 2013 பொங்கலுக்கு வர வேண்டியதாயிருந்து பணச் சிக்கலில் முடங்கிக் கிடந்த ‘மதகஜராஜா’ ஜனவரி 12 அன்று வெளிவந்தது; மக்கள் வயிறு குலுங்கச் சிரித்து அதை ஓட வைத்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து வருகிற படத்துக்கு யாரும் எதிர்பார்ப்பை உண்டாக்கவில்லை. நண்பருடைய திரையரங்கில் நான் பார்த்தபோது, என் பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், இறந்துபோன நடிகர் மனோபாலா திரையில் வந்ததும் “அட, இவரு இருக்காரா” என்று எழுந்தே விட்டார். அதே ஆண்டு மே 1 அன்று ‘ரெட்ரோ’வின் ஆரவாரத்துக்குப் பக்கத்தில் ஓசையின்றி வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, பார்த்தவர் பார்க்காதவரிடம் சொல்லிச் சொல்லியே ஓடியது. உங்கள் குடும்பம் ஒரு திங்கட்கிழமை வரை பொறுத்திருக்குமானால், பாலக்கோட்டுப் பேருந்து நிலையத்திலேயே என்னைவிடச் சிறந்த முன்னோட்டக்காரர்கள் கிடைப்பார்கள். ஆனால் உங்கள் மகனுடைய வயதில் திங்கட்கிழமை வரை பொறுக்கச் சொன்னால் நானும் கேட்டிருக்க மாட்டேன்.

படத்திலிருந்து நீக்கிவிட்ட அந்த வசனத்தை நான் கேட்டதில்லை. அவன் ஒரு மாதம் எப்படிச் சொல்லித் திரிந்தானோ, அதே ஏற்ற இறக்கத்தோடு ஒலிப்பதிவு செய்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து