பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் பாதி மட்டும் தெரியும் ஆள்

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் கிடைத்த படம், 1950 வாக்கில் எடுத்ததாம். கறுப்பு உடையில் ஒரு பெண் கதவோரம் நிற்கிறார், பக்கத்தில் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் ஓர் ஆண். துக்க வீட்டில் எடுத்ததா? வீட்டில் சிலர் ஆவி என்கிறார்கள்.

பதில்: ஆவி இல்லை, கேமரா செய்த வேலை. எந்த வேலை என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பூதக்கண்ணாடியை எடுத்து அந்த ஆளின் உடம்புக்கு ஊடாகப் பாருங்கள். கதவும் சுவரும் ஒரே தடவை, கூர்மையாகத் தெரிந்தால், வெளிச்சம் போதாமல் ஷட்டரைச் சில நொடி திறந்து வைத்திருக்கிறார்கள், அதற்குள் அவர் நகர்ந்துவிட்டார். வேறொரு இடத்தின் கோடுகளும் மேலே படிந்திருந்தால் அது இரட்டைப் பதிவு, அதாவது பிலிமின் ஒரே இடத்தில் இரண்டு படம் விழுந்தது. அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராக்கள் பலவற்றில் பிலிமைச் சுற்றாமலே மறுபடி ஷட்டரைத் தட்டிவிடலாம், தடுக்க எதுவும் கிடையாது, அதனால் இது அடிக்கடி நடந்தது. பிலிமில் ஒளி கூடுமே தவிரக் குறையாது. ஆகவே இரட்டைப் பதிவில் இருண்ட கதவின் மேல் அவர் நன்றாகத் தெரிவார், வெள்ளைச் சுவர் பக்கம் கரைந்துபோவார்.

அடுத்து கறுப்பு உடை. அதை வைத்துத் துக்கம் என்று முடிவு கட்டாதீர்கள், தயவுசெய்து. ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற வகைக் கறுப்பு வெள்ளைப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நல்ல சிவப்பு உடையும் அதில் கறுப்பாகத்தான் விழும், நீலம் வெளுத்துவிடும். கோடக் நிறுவனத்தின் வெரிகுரோம் பிலிம் அந்த வகைதான், 1956இல்தான் அதன் இடத்துக்கு எல்லா நிறமும் உணரும் வெரிகுரோம் பான் வந்தது. உதடும் இயல்புக்கு மீறிக் கறுத்து, வானம் வெறும் வெள்ளையாக இருந்தால் என் சந்தேகம் அந்தப் பிலிம் மேல்தான்.

ஆண்டுக்குப் படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆனால் பிரிண்ட் போட்ட ஆண்டு வேறு, படம் எடுத்த ஆண்டு வேறாக இருக்கலாம். ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம்.

அப்புறம் அந்தப் பெட்டியை இன்னொரு தடவை துழாவுங்கள். படம் 6க்கு 9 செ.மீ. என்றால் 120 என்ற அளவுப் பிலிம் ரோலில் எடுத்து அதே அளவில் பிரிண்ட் போட்டிருக்க வாய்ப்பு அதிகம், ஒரு ரோலுக்கு 8 படம். அதே அளவு, அதே ஓர வெட்டு, அதே காகிதம் உள்ளவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். இரட்டைப் பதிவாக இருந்தால், அவர் நின்ற அந்த இன்னொரு இடமும், அவர் முகமும் அவற்றில் ஒன்றில் முழுசாக இருக்கக்கூடும்.