சத்தம் கூட்டினால் ஆம்ப் அணைகிறதா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போவதற்குள் கார் ஆம்ப்ளிஃபயர் நாலைந்து முறை அணைகிறது, சத்தம் கூட்டினால்தான் இப்படி என்கிறீர்கள். பாட்டில் பாஸ், அதாவது கனத்த அடி ஒலி, அடிக்கும்போது அணைந்தால் பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை. எஞ்சின் ஓட, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை ஆம்புக்கு மின்சாரம் வரும் முனைகளிலேயே வைத்துப் பாட்டின் சத்தத்தை ஏற்றுங்கள். 13, 14 வோல்ட்டில் நிற்க வேண்டியது 10 பக்கம் இறங்கினால் மின்சாரம் வரும் கம்பியையும், ஆம்பைக் காரின் தகட்டோடு இணைக்கும் எர்த்தையும்தான் சந்தேகப்பட வேண்டும். என் காரில் டிக்கிக்குள் எர்த் போல்ட்டைக் கழற்றினால், அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது, கம்பி நுனியில் பச்சைக் களிம்பு வேறு. தகடு பளபளவென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினேன், அன்றோடு சரி. அப்புறம், 4 ஓம் ஊஃபர் (பாஸ் ஸ்பீக்கர்) இரண்டைப் பேரலலாக, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று கோத்தால் மின்தடை 2 ஓம் ஆகிவிடும், பிரிட்ஜ் செய்த (இரண்டு சேனலை ஒன்றாக்கிய) ஆம்ப் பலவும் அதைத் தாங்காது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் கைவைக்க முடியாமல் சுட்டு அணைந்தால் காற்றோட்டம் இல்லை. கார்பெட்டுக்கு அடியில் புதைக்காதீர்கள்.