மாநகராட்சி வழக்கறிஞர் பணி: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

மதுரையில் சட்டப் படிப்பின் நான்காம் ஆண்டில் இருக்கும் தங்கள் மகள், பட்டம் பெற்றதும் மாநகராட்சிக்கு வழக்கறிஞராக வேண்டும் என்று விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அது நிரந்தர அரசு வேலைதானா, அதற்கு எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது அரசு வேலை அன்று. ஆகையால் அதற்கென்று ஒரு தேர்வும் இல்லை.

தமிழ்நாட்டின் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் தமக்காக வாதாடுவதற்கு, ஏற்கெனவே நீதிமன்றத்தில் தொழில் நடத்திவரும் வழக்கறிஞர்களைப் பட்டியலில் சேர்த்துக்கொள்கின்றன. நீதிமன்ற வளாகத்தில் ஸ்டாண்டிங் கவுன்சில் என்று அழைக்கப்படுபவர்கள் இவர்களே. வழக்குக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டே தவிர மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ கிடையாது. ஆட்சி மாறும்போது பட்டியலும் மாறுவது வழக்கம். அரசு வழக்கறிஞர்களைத் தகுதியின் அடிப்படையில், வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் பஞ்சாப் தொடர்பான ஒரு வழக்கில் சொன்ன பிறகும், அறிமுகமும் அரசியல் தொடர்பும் இத்துறையில் முற்றிலும் பொருளற்றுப் போய்விடவில்லை என்பதைத் தங்களிடம் மறைப்பது முறையாகாது.

இருந்தும் தங்கள் மகளின் விருப்பத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சொத்து வரி, கட்டட அனுமதி, ஆக்கிரமிப்பு அகற்றம், கடை ஏலம், ஒப்பந்ததாரரின் நிலுவைத் தொகை, ஓய்வு பெற்ற ஊழியரின் பணப்பலன், குப்பைக் கிடங்கு பற்றிப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வரும் புகார் என்று இத்தனை வகை வழக்குகளை இளம் வயதிலேயே கையாளும் வாய்ப்பு வேறு இடத்தில் எளிதில் அமையாது. அதோடு, 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் அதன் விதிகளோடு 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய மாநகராட்சிச் சட்டங்களின் பிரிவுகளை மனப்பாடமாக வைத்திருந்த சீனியர்களும் இப்போது புதிய நூலைப் புரட்டித்தான் பார்க்கிறார்கள். புதிதாக நுழைபவருக்கு இது நல்ல காலம்.

வேலையின் உண்மையான தன்மையை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். அனுமதியின்றி மேல்தளம் எழுப்பிய கட்டடத்தை மாநகராட்சி பூட்டி முத்திரையிடுகிறது. உரிமையாளர், தமக்கு நோட்டீஸே வரவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அமைப்பின் நடவடிக்கையை எதிர்க்கும் மனு) போடுகிறார். நகரமைப்புப் பிரிவிலிருந்து வழக்கறிஞருக்கு வரும் பத்திவாரிக் குறிப்பில், அதாவது மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் அலுவலகம் தர வேண்டிய பதிலில், மனுவில் கூறப்பட்டவை யாவும் உண்மைக்குப் புறம்பானவை என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும் இருக்கும். அதை வைத்துப் பதில் மனு தயாரிக்க முடியாது. மூலக் கோப்பை வரவழைத்து, நோட்டீஸ் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, அதைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டை இருக்கிறதா, கதவில் ஒட்டியதாகச் சொன்னால் அதற்குச் சாட்சிக் கையொப்பம் வாங்கினார்களா, முத்திரையிட்ட நாள் நோட்டீஸில் கொடுத்த அவகாசத்துக்குப் பிந்தியதுதானா என்று ஒவ்வொரு தாளாகப் பார்க்க வேண்டும். அந்த அட்டை கோப்பில் இல்லையென்றால் எத்தனை முன்தீர்ப்புகளை அடுக்கினாலும் நீதிபதியிடம் எடுபடாது. வாய்ச்சாமர்த்தியத்தைவிடக் கோப்பு படிக்கும் பொறுமைதான் இங்கே சோறு போடும்.

பொறுமைக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது, ஆணையரிடமே இது நிற்காது என்று மரியாதையோடு சொல்லும் துணிவு. வடிகால் கட்டப் பணமில்லை என்று மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி முன்வைத்த வாதத்தை, நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பின் வழியாக உச்ச நீதிமன்றம் 1980-இலேயே நிராகரித்துவிட்டது. இன்றும் அதே வாதத்தை எழுதித் தரச் சொல்லும் அலுவலகங்கள் உண்டு. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை சாலையோர வியாபாரிகளை அப்புறப்படுத்தக் கூடாது என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருக்க, அதற்கு முன்பே தள்ளுவண்டிகளை அகற்றிவிட்டு வழக்கு வந்த பிறகு வழக்கறிஞரைத் தேடும் அதிகாரிகளும் உண்டு. ஏழைக்கு எதிர்த்தரப்பில் நிற்க நேருமே என்று தங்கள் மகள் தயங்கினால், சட்டப்படியான நடைமுறையை அலுவலகத்துக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லும் இடத்தில் இருப்பவரும் மாநகராட்சியின் வழக்கறிஞர்தான் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

இனி வழிமுறை. பட்டம் பெற்றதும், வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்ற சட்ட வரம்பை மீறக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பிறகு, வழக்கறிஞராகத் தொழில் நடத்தத் தகுதி தரும் அகில இந்திய பார் தேர்வு. அதன்பின், ஏற்கெனவே ஏதேனும் ஓர் உள்ளாட்சி அமைப்புக்கு ஆஜராகும் சீனியரிடம் ஜூனியராகச் சேர்வதே நேரான வழி. சில ஆண்டுகள் அவருடைய கோப்புகளைத் தயாரித்துப் பழகியவரின் பெயர், பட்டியல் புதுப்பிக்கப்படும்போது அதிகாரிகளுக்குத் தானாகவே தெரிந்திருக்கும்.

பணத்தைப் பற்றியும் தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். மதுரை போன்ற பெருநகரங்களில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியும், எல்லா அலுவலகங்களிலும் அது கிடைப்பதில்லை. பட்டியலில் இடம் பிடித்த பிறகும் உள்ளாட்சி அமைப்புகளின் கட்டணப் பில்கள் தாமதமாகத்தான் வரும். ஆகவே தனியார் வழக்குகளையும் சேர்த்து நடத்தினால்தான் வருமானம் நிலைபெறும். தம்மை நியமித்த அமைப்புக்கு எதிரான வழக்கை மட்டும் அவர் ஏற்க முடியாது. முதல் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குக் குடும்பம் கைகொடுக்குமா என்பதைத் தாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தாங்கள் விரும்பும் நிரந்தரப் பணிக்கும் இந்தப் பாதை தடையாகாது. உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் வகுத்துவிட்டதால், அந்த மூன்றாண்டுகளை எப்படியும் ஒரு சீனியரிடம் கழித்தே ஆக வேண்டும். வரும் கோடை விடுமுறையில் மகளைத் தங்கள் ஊர் மாநகராட்சிக்கு ஆஜராகும் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு அனுப்பி, பத்திவாரிக் குறிப்புகளையும் மூலக் கோப்பையும் ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அந்த வேலை அவருக்குச் சலிக்கவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள். எந்தச் சீனியரிடம் சேரலாம் என்பதை அப்போது பேசுவோம்.