போர்வைக்கு என்ன விலை வைப்பது? – கடிதம்

அன்புள்ள அக்கா,

நீங்கள் குவில்ட் எனும் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது பற்றி அவ்வப்போது எழுதுவதைப் படித்துத்தான் நானும் ஆரம்பித்தேன். தலைமையாசிரியையாக இருந்து போன மே மாதம் ஓய்வு பெற்றேன், அதற்குள் நாலு போர்வை முடித்துவிட்டேன். இதையே தொழிலாகச் செய்யலாமா என்று யோசனை. மகன், "எண்ணூறு ரூபாய்க்கு ஆன்லைன்ல கம்பளியே கிடைக்குதும்மா, இதை யார் வாங்குவா" என்கிறான். கணவரோ, பென்ஷன்தான் வருகிறதே, தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடு என்கிறார். அறுபது வயதில் இது நடக்கிற காரியமா? என்ன விலை வைப்பது?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

மகன் சொல்வது சரிதான். எண்ணூறு ரூபாய்க் கம்பளி வாங்குகிறவர் உங்களிடம் வரமாட்டார், அவரைத் தேடி நீங்களும் போக வேண்டாம். கணவர் சொல்வதைத்தான் கேட்காதீர்கள். நாலு பேருக்குச் சும்மா கொடுத்தால் ஐந்தாவது ஆள் விலை கேட்டதும் முகம் சுளிப்பார், அனுபவத்தில் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஒற்றைக் கட்டில் போர்வை, சுமார் 60க்கு 90 அங்குலம். ஐந்து அங்குலச் சதுரமாக வெட்டித் தைத்தால் நாலரை வரும், ஆக அகலத்தில் 13, நீளத்தில் 20, மொத்தம் 260 துண்டு. வெட்டி, இஸ்திரி போட்டு, இணைத்து, நடுவில் பஞ்சு ஷீட் வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தையல் ஓட்டி, ஓரம் கட்டி முடிக்க எனக்கு எழுபது மணி நேரம் ஆகிறது. மணிக்கு நூறு ரூபாய் என்றாலே ஏழாயிரம், துணி தனி. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். முதல் இரண்டு வருஷம் நான் பாதி விலைதான் சொன்னேன், பாதி விலைக்கும் பேரம் பேசினார்கள்.

ஹாரியட் பவர்ஸ் என்று ஒரு அம்மா. 1837-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டி 11 கட்டங்களில் தைத்த அவருடைய குவில்டை 1886-இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் பார்த்த ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்துவிட்டார். சில வருஷம் கழித்துக் கையில் காசில்லாமல் அவரே வந்து பத்து டாலர் கேட்டு, கடைசியில் ஐந்து டாலருக்குக் கொடுத்தார். அப்புறமும் பல தடவை போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாராம். இப்போது அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விலை சொல்ல வாய் வராதபோதெல்லாம் எனக்கு அந்த ஐந்து டாலர்தான் ஞாபகம் வரும்.

சரி, ஏழாயிரம் கொடுத்து யார் வாங்குவார்? நான் பார்த்தவரை, துணியைக் கையில் கொண்டு வருகிறவர்கள். இறந்துபோன அம்மாவின் சேலை, மகன் ஆறு மாதக் குழந்தையாகப் போட்ட சட்டை. அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஆற்றுவளைவு ஊரில் ஒரு பெண் 1942-இல் கணவர் இறந்ததும் அவர் வயல் வேலைக்குப் போட்ட உடுப்புகளையே பிரித்துப் போர்வையாகத் தைத்துக்கொண்டார், போர்த்திக்கொள்ள. அங்கே தைத்த குவில்டுகளைத்தான் 2002-இல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் சுவரில் மாட்டினார்கள். துணிக்குச் சொந்தக்காரரே உங்கள் வாடிக்கையாளர் என்றால் ஆன்லைன் கம்பளி பக்கத்திலேயே வராது.

ஆனால் அதில் பயமும் உண்டு. ஒரு பெண் தன் அம்மாவின் ஐந்து சேலைகளைக் கொண்டு வந்தார். அதில் ஒன்று சிவப்புச் சுங்குடி. பழைய சேலைதானே, எத்தனை தடவை துவைத்திருப்பார்கள் என்று சோதிக்காமல் வெட்டிவிட்டேன். முடித்துக் கடைசியாக அலசியதும் பக்கத்திலிருந்த சந்தன நிறக் கைத்தறியெல்லாம் ரோஸ். நான் பணம் வேண்டாம் என்றேன். அவர் கத்தியிருந்தால் தேவலை, ஒன்றுமே பேசாமல் மடித்து எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து எந்தத் துணி வந்தாலும் ஒரு மூலையை நனைத்து, மேலே வெள்ளைத்துணி வைத்துச் சூடாக இஸ்திரி அழுத்திப் பார்க்காமல் கத்தரியைத் தொடுவதில்லை. சின்னாளபட்டி உங்களுக்குப் பக்கம், சுங்குடி நிறைய வரும், கவனம்.

இன்னொன்று, தையல் விளிம்பு, அதாவது தையலுக்கு வெளியே ஓரத்தில் விடும் துணி. கால் அங்குலம், அதாவது இரண்டு நூல் (ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). இரு பக்கமும் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால் ஒரு தையலுக்கு ஒரு நூல் போச்சு. 20 துண்டுக்கு 19 தையல், 19 நூல், இரண்டேகால் அங்குலத்துக்கு மேல் காணாமல் போய்விடும். பிறகு வரிசைகள் ஒன்றோடொன்று சேராது. உங்கள் நாலு போர்வையையும் நாடா வைத்து அளந்து பாருங்கள், நாலும் நினைத்த அளவுக்கு வந்திருந்தால் ஆர்டர் எடுக்கலாம். வரவில்லை என்றால் இன்னும் இரண்டு, வீட்டுக்கு.

கந்தல் ஒட்டுகிற வேலை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள், கந்தல்தான். கர்நாடகத்தின் வட கன்னடத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் பழைய துணியில் தைக்கும் கவந்தி என்ற போர்வையில் ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள், முடித்ததும் நாலு மூலையிலும் 'பூலா' என்று மடித்த துணிப்பூ வைப்பார்கள். அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். நானும் இப்போது ஒரு மூலையில் வைக்கிறேன்.

பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் வெட்ட ஆரம்பிக்காதீர்கள். சொந்தக்காரர்கள் என்றால் முழுசும்.