டார்ச்சுக்குள் சிக்கிக்கொண்ட பேட்டரி ஹோல்டரை எப்படி வெளியே எடுப்பது?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பின்மூடி நன்றாகத் திறக்கிறது, கவிழ்த்துத் தட்டினால் ஒன்றும் விழவில்லை, மூன்று ட்ரிபிள் ஏ பேட்டரி போடும் பிளாஸ்டிக் ஹோல்டர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, இழுக்கப் போய் நுனியில் இருந்த ஸ்பிரிங் மட்டும் கையோடு வந்துவிட்டது. கிட்டத்தட்ட இதே நிலையில் நானும் ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு இரண்டு நாள் முழித்திருக்கிறேன். அதனால் முதல் வேலையாக ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள். ஹோல்டருக்கும் குழாய்க்கும் நடுவே அதை விட்டு நெம்பினால் ஹோல்டர் வராது, அதன் கால் ஒன்று உடைந்து குழாய்க்குள் ஆப்பு மாதிரி இறங்கிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

எதனால் சிக்கியது என்று தெரியாமல் இழுப்பதில் பயனில்லை. ட்ரிபிள் ஏ பேட்டரியின் விட்டம் அதிகபட்சம் 10.5 மில்லிமீட்டர். மூன்றை ஒன்றோடொன்று ஒட்டி முக்கோணமாக நிறுத்தினால் அவற்றைச் சுற்றி வரும் வட்டம் ஏறக்குறைய 22.6 மில்லிமீட்டர். டார்ச்சுக் குழாயை அதைவிட ஒரு மயிரிழைதான் பெரிதாகக் கடைந்திருப்பார்கள், இல்லாவிட்டால் உள்ளே கடகடவென்று ஆடும். ஆக, ஒரு பேட்டரி கொஞ்சம் உப்பினாலோ, மேலே சுற்றிய லேபிள் உரிந்து சுருண்டாலோ, பேட்டரி பொங்கி வெள்ளையாக உப்புப் பூத்தாலோ போதும், ஹோல்டர் இறுகிவிடும்.

ஒரு சின்ன விளக்கை வைத்து உள்ளே பாருங்கள். வெள்ளையாக, கல்லுப்பு மாதிரி, ஓரத்தில் சற்று நீலமோ பச்சையோ கலந்து இருந்தால் பேட்டரி பொங்கியிருக்கிறது. ஆல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. பேட்டரி தீர்ந்த பிறகும் உள்ளே மெதுவாக ஹைட்ரஜன் உருவாகிக்கொண்டே இருக்கும், அழுத்தம் கூடினால் அடைப்பு விட்டுக்கொடுத்து இந்தக் காரம் கசியும், கசிந்தது காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக உறைந்துவிடும். அந்த உறைந்த உப்புதான் உங்கள் ஹோல்டரைச் சிமென்ட் போல் பிடித்து வைத்திருக்கிறது. இதில் இன்னொரு கெடுதல், இந்தக் காரம் அலுமினியத்தையும் தின்னும். எனவே அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று டார்ச்சை அலமாரியில் திருப்பி வைக்காதீர்கள். கையில் ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி, இரண்டும் வேண்டும். வெள்ளைப் பொடிதானே என்று ஊதித் தள்ளப் போனீர்கள் என்றால் அது நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

உப்புப் பூத்திருந்தால் மருந்து வினிகர். முன்பக்கத்துத் தலை, அதாவது பல்பும் கண்ணாடியும் உள்ள பகுதி, தனியாகத் திருகி வருமானால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் வினிகர் படக்கூடாது. கழற்ற முடியவில்லை என்றால் வினிகரை ஊற்றாதீர்கள், காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, டார்ச்சைக் கிடத்தினாற்போல் வைத்து, ஹோல்டரின் விளிம்பைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுவிடுங்கள். சுரீரென்று நுரைத்தால் சரியான இடத்தில் படுகிறது என்று அர்த்தம், கார்பனேட் கரைந்து வாயு வெளியேறுகிறது. நுரை அடங்கியதும் துடைத்துவிட்டு மறுபடி தொடுங்கள். நான் ஐந்தாறு தடவை செய்தேன், அரை மணி நேரம் ஆகியிருக்கும். ராத்திரி முழுக்க ஊறப்போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள், வினிகரும் உலோகத்தைச் சும்மா விடாது. இன்னொன்று, பேட்டரி ஆல்கலைனாக இல்லாமல் மலிவான துத்தநாகக் கார்பன் வகையாக இருந்தால் அதிலிருந்து ஒழுகுவது அமிலத் தன்மையுள்ளது, அதற்கு வினிகர் சரிப்படாது, சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து அதே மாதிரி தொட வேண்டும்.

சரி, உப்பும் இல்லை, ஆனாலும் வரவில்லை என்றால்? எல்லோரும் உடனே சொல்வது சூடு காட்டுங்கள் என்பதுதான். நானும் அதை நம்பி, தலைமுடி உலர்த்தும் டிரையரைப் பிடித்துக் கை பொறுக்காத அளவுக்குக் காய்ச்சினேன். ஹோல்டர் முன்பைவிட இறுகியது. அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. சூட்டில் அலுமினியம் விரிவது உண்மைதான், ஆனால் ஹோல்டர் செய்யும் ஏபிஎஸ் மாதிரியான பிளாஸ்டிக் அதைவிட மூன்று நான்கு மடங்கு விரியும். நிதானமாக, நெடுநேரம் சூடு காட்டினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து காய்ந்து குழாயை முந்திக்கொண்டு பருக்கிறது. அதையே தலைகீழாகச் செய்தால்? குளிரில் பிளாஸ்டிக் அதிகமாகச் சுருங்கும், அலுமினியம் குறைவாகச் சுருங்கும். அறை வெப்பத்திலிருந்து ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரி வரை போனால் 22 மில்லிமீட்டர் அகலத்தில் கிடைக்கும் இடைவெளி வித்தியாசம் 0.06 மில்லிமீட்டர் போல வரும். சாதாரணக் காகிதத்தின் கனத்தில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான், ஆனால் சிக்கிய பொருளுக்கு அதுவே பெரிய வாசல்.

ஆனால் உங்கள் டார்ச்சில் பிடித்திருப்பது பிளாஸ்டிக்கா, அல்லது உப்பிய பேட்டரியின் எஃகு உடம்பா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. எஃகாக இருந்தால் கணக்கு மாறிவிடும், ஏனென்றால் எஃகு அலுமினியத்தைவிடக் குறைவாகச் சுருங்குவதால் குளிரில் குழாய்தான் அதை இன்னும் இறுக்கும். அதனால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழி: ஈரம் போகத் துடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, மூன்று நான்கு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன், வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணியைக் குழாயின் வெளிப்புறத்தில் மட்டும் சுற்றுங்கள். பத்துப் பதினைந்து விநாடி போதும். அலுமினியம் சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொண்டு விரியும், உள்ளே இருப்பதற்குக் குளிர் விடுவதற்குள் நீங்கள் வேலையை முடித்துவிட வேண்டும். அடுப்புத் தீயில் காட்டுவது, ஓவனில் வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம், பேட்டரி வெடிக்கும்.

அந்தச் சில விநாடிகளில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். தலை கழன்று வரும் டார்ச் என்றால் கவலையே இல்லை. குழாயைவிடச் சற்றே ஒல்லியான மரக்கட்டை ஒன்றை முன்பக்கத்திலிருந்து விட்டு, குழாயை இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு நிற்கவைத்து, கட்டையின் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். ஓங்கி ஒரே அடியாக அடிப்பதைவிட, சின்னச் சின்னதாக இருபது தட்டு தட்டுவது பலன் தரும். ஆணி, கம்பி மாதிரி கூரான எதையும் விட்டுத் தள்ள வேண்டாம், அது ஹோல்டரின் நடுத்தட்டைக் கிழித்துக்கொண்டு பேட்டரியில் போய்க் குத்தும்.

தலையைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் பின்பக்கமிருந்துதான் இழுத்தாக வேண்டும். ஸ்பிரிங் பிய்ந்து வந்தது என்று சொன்னீர்கள் இல்லையா, அது இங்கே கைகொடுக்கும், ஏனென்றால் அது இருந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு சின்னத் துளை மிஞ்சியிருக்கும். அதில் குட்டையான, மெல்லிய, மரத்தில் அடிக்கும் இரும்பு ஸ்க்ரூ ஒன்றை மெதுவாகத் திருகுங்கள். பிளாஸ்டிக் தட்டைப் பல் கவ்வியதும் நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் தட்டின் கனம் சில மில்லிமீட்டர்தான், அதற்குக் கீழே மூன்று பேட்டரிகளுக்கு நடுவில் இருக்கும் சந்து வெறும் 1.6 மில்லிமீட்டர், சற்று ஆழமாகப் போனாலும் ஸ்க்ரூ பேட்டரியைத்தான் தேடிப் போகும். பிறகு ஸ்க்ரூவின் தலையை மூக்குக் குறடால் பிடித்து, நேராக இழுக்காமல், இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருகியபடியே இழுங்கள். என்னுடையது இப்படித்தான் வந்தது. முதலில் ஒரு ‘கிரீச்’, பிறகு அரை சென்டிமீட்டர் அசைவு, அங்கே ஒரு தடவை நின்றது. மறுபடி வெந்நீர்த் துணியைச் சுற்றினேன், அடுத்த இழுப்பில் மொத்தமாகக் கழன்றது, நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன். பார்த்தால் ஒரே ஒரு பேட்டரிதான் குற்றவாளி, அடிப்பாகம் மட்டும் குவிந்து வெளியே தள்ளியிருந்தது, மற்ற இரண்டும் புத்தம் புதுசாகத் தெரிந்தன.

இதுவரை சொன்னது எல்லாம் ஆல்கலைன், துத்தநாகக் கார்பன் வகைகளுக்கு மட்டும். உள்ளே இருப்பது சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் அயான் பேட்டரி, அதாவது 18650 என்று எண் போட்டு வரும் தடித்த ஒற்றைக் கட்டை என்றால், சுத்தியல், ஸ்க்ரூ, வெந்நீர் எதுவும் கூடாது. அதில் பெரும்பாலும் மேலுறை கிழிந்து மடங்கியதுதான் காரணமாக இருக்கும். மூடியைத் திறந்து வைத்துத் தலைகீழாக மடித்த துண்டின் மேல் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். தொட்டால் சூடாக இருந்தாலோ, இனிப்பான ஒரு இரசாயன வாடை வந்தாலோ, எரியக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்தவெளியில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். டார்ச் போனால் போகட்டும்.

ஹோல்டர் வெளியே வந்த பிறகு, குழாயின் உள்சுவரை வினிகர் தொட்ட துணியால் துடைத்து, அதன் மேல் ஈரத்துணி, கடைசியாக ஐசோபுரொபைல் ஆல்கஹால் என்று முடியுங்கள். உலோகத் தகடுகள் கறுத்திருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தாலே பளிச்சென்று ஆகிவிடும். தகடு அரித்துப் போய்த் துளை விழுந்திருந்தால் மட்டும் புது ஹோல்டர் வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கும்போது நீளம், விட்டம் இரண்டையும் அளந்து, இரு முனைகளில் எது பிளஸ் எது மைனஸ் என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் ஹோல்டர்களில் இது மாறும். உங்கள் ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தகடு நன்றாக இருந்தால் ஒரு துளி ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடலாம். என் ஹோல்டரில் உடைந்த காலைப் பசை வைத்து ஒட்டினேன், இப்போது அதில் 1.2 வோல்ட் நிக்கல் வகை ரீசார்ஜ் பேட்டரி மூன்று ஓடுகிறது. வெளிச்சம் ஒரு மாற்றுக் குறைவுதான், பரவாயில்லை.