டிஎஸ்எஸ்ஸா, பிஎஸ்3யா?

நாகர்கோவிலில் எம்.எஸ்சி. படிக்கும் தம்பி, புரதங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேதிப்பொருள்களான டிஎஸ்எஸ், பிஎஸ்3 இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

நம்ம குலசேகரம் ரப்பர் டயராகும்போது கந்தகம் செய்யும் வேலைதான் இதுவும்: சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போடுவது. இரண்டுமே புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமீனை, அதாவது நைட்ரஜன் உள்ள தொகுதியைப் பிடிக்கும். பாலத்தின் நீளமும் ஒன்றே, 11.4 ஆங்ஸ்ட்ராம். டிஎஸ்எஸ் தண்ணீரில் சரியாகக் கரையாது, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துச் சேர்க்க வேண்டும். ஆனால் செல் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். பிஎஸ்3 தண்ணீரில் கரையும், உள்ளே போகாது. மேற்பரப்புப் புரதம் மட்டும் போதும் என்றால் பிஎஸ்3தான்.

பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) தேர்வில் கவனம்: டிரிஸ் பஃபரில் மட்டும் செய்துவிடாதீர்கள். அதிலேயே அமீன் இருப்பதால் போட்ட டிஎஸ்எஸ்ஸையோ பிஎஸ்3யையோ அதுவே தின்றுவிடும். பாஸ்பேட் பஃபர், பிஎச் 7.2 முதல் 8 வரை, சரியாக இருக்கும். மிச்சத்தைத் தின்றுவிடும் என்பதால், கடைசியில் வினையை நிறுத்த அதே டிரிஸ் உதவும்.

அப்புறம், நம்மூர் ஈரக்காற்று. குளிரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் உள்ளே நீர் கோத்து, தூள் பாழாகும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள்.