நிஹாரி டெல்லியுடையது, சரி. அப்புறம்?

கேள்வி: சென்ற இதழில் ‘பாகிஸ்தான் நிஹாரி’ என்று தலைப்பிட்டுச் செய்முறை போட்டிருந்தீர்கள். பாகிஸ்தானுக்கென்று தனியாக ஏது சாப்பாடு? நம் டெல்லி முகலாய் சமையலைத்தானே பெயர் மாற்றி வைத்துக்கொண்டு சொந்தம் கொண்டாடுகிறார்கள்? மூன்று வேளையும் கறி தின்பதைத் தவிர அதில் என்ன கலாச்சாரம் இருக்கிறது?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நிஹாரி டெல்லிக்காரர்களின் சாப்பாடு என்பது வரை நீங்கள் சொல்வது சரி. அதற்கப்புறம் நீங்கள் எழுதியிருப்பதில் எதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நிஹாரியிலிருந்தே தொடங்கலாம். அரபியில் ‘நஹார்’ என்றால் பகல். மாட்டின் கால் கறியையும் மஜ்ஜை எலும்பையும் சோம்பு, சுக்கு, திப்பிலி போட்டு இரவு முழுக்கச் சிறு தீயில் வேகவிட்டு, கோதுமை மாவைக் கரைத்து ஊற்றிக் குழம்பைக் கெட்டியாக்கி, விடிந்ததும் சூடான நானோடு, மேலே இஞ்சியைப் பொடிப்பொடியாக நறுக்கித் தூவி, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவது. பழைய டெல்லியின் சந்துகளில் இதைச் சமைத்தவர்களும் சாப்பிட்டவர்களும் 1947-ல் கூட்டம் கூட்டமாகக் கராச்சிக்குப் போனார்கள். ‘போனார்கள்’ என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம், ஆனால் அவர்களில் பலர் கலவரத்தில் வீடும் கடையும் போய், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரயில் ஏறியவர்கள். 1941-ல் நாலரை லட்சம் பேர்கூட இல்லாத கராச்சி, 1951-ல் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஊரில் பர்ன்ஸ் ரோடு என்று ஒரு தெரு, டெல்லியிலிருந்து வந்தவர்கள் சட்டியும் அடுப்புமாக உட்கார்ந்த இடம். பெயரை மாற்றிவிட்டார்கள் என்கிறீர்கள். எதையும் மாற்றவில்லை. நிஹாரி இன்றும் நிஹாரிதான். அந்தத் தெருவில் ‘டெல்லி’ என்று பெயர்ப்பலகை வைத்த கடைகள் இன்றும் இருக்கின்றன. திரும்பிப் போக முடியாத ஊரின் பெயரை முக்கால் நூற்றாண்டாகக் கடை வாசலில் மாட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்துத்தான் திருடிவிட்டார்கள் என்கிற தொனியில் எழுதுகிறீர்கள்.

அந்தக் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. இன்றைய சட்டியில் மிஞ்சிய நிஹாரியில் கொஞ்சம் எடுத்து வைத்து நாளைய சட்டியில் சேர்ப்பார்கள், நாம் பாலுக்கு உறைமோர் ஊற்றுவதைப் போல. அதற்குத் ‘தார்’ என்று பெயர். நேற்றைய குழம்பு இன்றைக்கும் இன்றையது நாளைக்குமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஊரையே இழந்து வந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் எப்படிப்பட்ட ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கலாச்சாரம் என்றால் என்ன என்று கேட்டீர்களே, நான் காட்ட நினைப்பது இதைத்தான்.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையும் இல்லை. தந்தூரி சிக்கன், பட்டர் சிக்கன் இரண்டையும் ‘நம்ம டெல்லி’ அயிட்டம் என்று நினைத்துத்தான் ஈரோட்டில் ஆர்டர் கொடுக்கிறோம். அவற்றைப் பிரபலமாக்கிய டெல்லி தர்யாகஞ்ச் மோதி மஹாலை நடத்தியவர்கள் இன்று பாகிஸ்தானில் இருக்கும் பெஷாவரிலிருந்து அகதிகளாக வந்த பஞ்சாபி இந்துக்கள். கடையின் பெயர்கூட பெஷாவரில் இருந்த கடையின் பெயர்தான். பட்டர் சிக்கனை முதலில் செய்தது யார் என்று அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் 2024-ல் டெல்லி உயர்நீதிமன்றம் வரை போனார்கள். ஹைதராபாத்தில் கராச்சி பேக்கரியைத் தொடங்கியவரும் பிரிவினையில் வந்த ஒரு சிந்திதான். சொந்தம் கொண்டாடுவது தப்பு என்றால் முதலில் நாம் எத்தனை தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்?

அடுத்தது ‘முகலாய்’. ஹோட்டல் மெனுவில் பார்த்துப் பழகிய சொல்லை ஒரு நாட்டின் மொத்த அடுப்புக்கும் பெயராக வைத்துவிட்டீர்கள். முகலாயர் ஆட்சி தொடங்கியதே பாபர் டெல்லியைப் பிடித்த 1526-ல்தான். பலுசிஸ்தானில் ஆடு மேய்ப்பவர்கள் முழு ஆட்டைக் குச்சிகளில் குத்தி, தீயைச் சுற்றி நட்டு, உப்பைத் தவிர வேறு எதுவும் பெரிதாகச் சேர்க்காமல் மணிக்கணக்கில் வாட்டி எடுக்கும் சஜ்ஜிக்கு எந்த அரண்மனைச் சமையல்காரரும் தேவைப்படவில்லை. அதோடு சாப்பிடும் காக் என்ற ரொட்டியை, சுட்ட கல்லின் மேல் மாவைச் சுற்றி நெருப்பருகே வைத்துச் சுடுகிறார்கள். கல்லும் நெருப்பும் மாவும் இருந்தால் போதும், சட்டிகூட வேண்டாம். தண்ணீர் குறைந்த ஊரில் மந்தையோடு நடந்துகொண்டே இருக்கிறவர்களின் சமையல் அப்படித்தான் இருக்கும். பெஷாவரின் சப்ளி கபாபுக்குப் பஷ்தோ மொழியில் தட்டையானது என்ற பொருளிலிருந்து பெயர். காய்ந்த மாதுளை விதையும் ஒன்றிரண்டாக இடித்த மல்லியும் போட்ட கொத்துக்கறியை உள்ளங்கையால் தட்டிக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். வடக்கே ஹன்ஸாவில் கூரை மேல் பாதாமி (ஆப்ரிகாட்) பழத்தைக் காயவைத்து, அதன் கொட்டைப் பருப்பிலிருந்து எண்ணெய் எடுத்துச் சமைக்கிறார்கள். இவற்றை முகலாய் என்று சொன்னால் அந்த ஊர்க்காரருக்கே என்னவென்று புரியாது.

சிந்து மாகாணத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அங்கே ஒரு வருத்தம் இருக்கிறது. பல்லா என்று ஒரு மீன். வங்காளத்தில் இலிஷ், ஆந்திராவில் புலசா, நம் பக்கத்தில் உல்லம் என்று சொல்வதும் அதே மீன்தான். கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குள் எதிர்நீச்சல் போட்டு ஏறும். சிந்து நதியில் அது சுக்கூர் பக்கம் இருக்கும் பெரியவரின் தர்காவை வணங்கத்தான் போகிறது என்பது மீனவர்களின் நம்பிக்கை. முஸ்லிம்கள் அவரை ஜிந்தா பீர், குவாஜா கிஸ்ர் என்கிறார்கள், இந்துக்கள் ஜூலேலால் என்கிறார்கள். ஜூலேலால் படத்தை எங்காவது பார்த்தால் கவனியுங்கள், வெள்ளைத் தாடியோடு தாமரையில் உட்கார்ந்திருப்பார், கீழே அவரைச் சுமந்துகொண்டு போவது பல்லா மீன். சாமிக்கு வாகனமும் அதுதான், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சட்டியில் ஏறுவதும் அதுதான். உள்ளே மசாலா அடைத்துப் பொரிப்பார்கள். முள் அதிகம், நிதானமாக உட்கார்ந்துதான் சாப்பிட முடியும்.

1955-ல் சிந்து நதியின் குறுக்கே கோத்ரியில் தடுப்பணை வந்தது. மீனுக்கு மேலே போக வழி அடைபட்டுப் போயிற்று, அணைக்குக் கீழே கடலுக்குப் போகும் தண்ணீரும் குறைந்துவிட்டது. ஆற்றில் நிறைய தண்ணீர் வருகிற வருஷங்களில் கொஞ்சம் பல்லா ஏறும், மற்ற வருஷங்களில் வலை போட்டவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். விலை ஏறி, ஒரு காலத்தில் மீனவர் வீட்டுச் சாப்பாடாக இருந்தது இப்போது காசுள்ளவர்கள் வாங்குவதாகிவிட்டது. ஒரு உணவு அழிவதற்கு யாரும் செய்முறையை மறக்க வேண்டியதில்லை, ஆற்றை நிறுத்தினாலே போதும். காவிரிக் கரையில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, மூன்று வேளையும் கறி என்ற கணக்குக்கு வருகிறேன். பாகிஸ்தானில் சாதாரண வீட்டில் அன்றாடம் வேகுவது பருப்பும் ரொட்டியும்தான், கூட ஏதாவது ஒரு காய். பஞ்சாபில் குளிர்காலம் வந்தால் கடுகுக்கீரை மசியலும் மக்காச்சோள ரொட்டியும், மேலே வெண்ணெய். கறி விலை அங்கேயும் சம்பளக்காரர்களைத் தள்ளியே நிற்க வைக்கிறது. பக்ரீத் அன்று குர்பானிக் கறியை மூன்று பங்காக்கி ஒன்றை ஏழைகளுக்கும் ஒன்றை உறவினருக்கும் கொடுக்கிறார்களே, பல வீடுகளுக்கு வயிறாரக் கறி கிடைக்கிற நாள் அது. 2022 ஜூனில் அமைச்சர் அஹ்ஸன் இக்பால், டீயைக் கடன் வாங்கித்தான் இறக்குமதி செய்கிறோம், தினமும் ஒன்றிரண்டு கோப்பை குறைத்துக்கொள்ளுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கலாம். ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த நாட்டில் அந்தப் பேச்சு எவ்வளவு வலித்திருக்கும்! நாம் ‘பாகிஸ்தான் சாப்பாடு’ என்று வீடியோக்களில் பார்ப்பதெல்லாம் தெருக்கடைகளும் அங்கே நிற்கிற ஆண்களும்தான். வீட்டுக்குள் பெண்கள் கீரை கடைவதையும் பருப்புக்குத் தாளிப்பதையும் யாரும் படம் பிடிப்பதில்லை. இந்தக் குறை நம் இதழுக்கும் உண்டு.

கறி இருக்கும் இடத்திலும் அது வெறும் தின்பண்டமாக இல்லை. முஹர்ரம் பத்தாம் நாளுக்கு முந்தின இரவு கராச்சியின் தெருக்களில் ஹலீமுக்காகப் பெரிய தேக்சாக்கள் அடுப்பில் ஏறும். கோதுமை, பார்லி, பருப்பு வகைகள், கறி எல்லாம் ஒன்றாகக் குழைய விடிய விடிய மத்து போட்டுக் கடைய வேண்டும். அந்த நீள மரமத்துக்கு கோட்டா என்று பெயர், ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் பிடித்துக்கொள்வார். ஷியாக்கள் மட்டுமல்ல, சுன்னி வீடுகள் பலவும் ஹலீம் சமைத்து அக்கம்பக்கம் கொடுத்தனுப்பும். லாகூரில் தாதா தர்பார் என்ற தர்காவில் வருகிறவர் யார் என்று கேட்காமல் தினமும் சாப்பாடு போடுகிறார்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை, ஏனென்றால் அது நம் வீட்டுக் கதையும்கூட. கராச்சியில் மேமன்கள் என்ற வியாபாரச் சமூகத்தாரின் வீடுகளில் கௌசா என்று ஒன்று செய்வார்கள். நூடுல்ஸ் மேல் தேங்காய்ப்பால் குழம்பும் காரமான கறியும் ஊற்றி, மேலே மொறுமொறுப்பாக ஏதாவது தூவி, எலுமிச்சை பிழிந்து. ரங்கூனில் வியாபாரம் செய்துவிட்டு, 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய குடும்பங்களோடு அது கராச்சிக்குப் போயிற்று. அதே காலத்தில் அதே ரங்கூனிலிருந்து கப்பல் ஏறிய நம் தமிழர்கள் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கடை போட்டார்கள். பர்மியச் சாப்பாட்டைத் திருடியவர்கள் என்று அவர்களை நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 1971 போருக்குப் பிறகு கிழக்கு பாகிஸ்தானிலிருந்து (இன்றைய வங்கதேசம்) கராச்சி வந்த பீகாரி முஸ்லிம்களுக்கு அது இரண்டாவது இடப்பெயர்வு. அந்த நகரத்தின் பீகாரி கபாப், கடுகெண்ணெயும் பச்சைப் பப்பாளியும் பிசைந்து ஊறவைத்தது, அவர்கள் கைப்பக்குவம்.

பாஸ்மதி யாருடையது என்ற வழக்கில் இரண்டு அரசாங்கங்களும் நிற்கின்றன. 2018-ல் இந்தியா ஐரோப்பிய ஒன்றியத்தில் தனக்கு மட்டும் புவிசார் குறியீடு கேட்டது, பாகிஸ்தான் எதிர்த்தது. பாஸ்மதி 370 என்ற ரகம் 1933-ல் காலா ஷா காகு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளியானது. அந்த ஊர் இப்போது லாகூருக்கு அருகே பாகிஸ்தானில் இருக்கிறது, அன்றைக்கு எல்லைக்கோடே கிடையாது. ஆகவே ‘பாகிஸ்தான் நிஹாரி’ என்ற தலைப்பை மாற்றப் போவதில்லை. சமைக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், முக்கால் நூற்றாண்டாகச் சமைக்கிறார்கள். டெல்லியிலும் சமைக்கிறார்கள், அதையும் ஒருநாள் போடுவோம்.

திருத்தம் வேண்டியது செய்முறையில்தான். குக்கரில் நாற்பது நிமிடம் என்று போட்டிருந்தோம், தவறு எங்களுடையது. கனமான பாத்திரத்தில், மூடி போட்டு, ஆறு மணி நேரமாவது சிறு தீயில் வையுங்கள். அடுத்த இதழில் சாய் பாஜி வரும். பசலைக்கீரை, சுக்கான் கீரை, சோயிக்கீரை, கடலைப்பருப்பு எல்லாம் சேர்த்துக் கடைவது, கறியே கிடையாது. சிந்துவில் இன்றும் செய்கிறார்கள், 1947-ல் அங்கிருந்து கிளம்பிச் சென்னைக்கு வந்த சிந்திக் குடும்பங்களும் செய்கின்றன.